ஒரு ஃபிராங்க்

ஃபிஸ்ப் ஆஸ்பத்திரியின் சலவை அறையில்
நானும் நில்டாவும்
ஒரே படுக்கை விரிப்பின் இரண்டு முனைகள்.
அவள் மடிக்க, நான் மடிக்க,
ஒரு நாளைக்கு நானூறு தடவை
நடுவில் சந்தித்துக்கொள்வோம்.

அவளுடைய ஸ்பானிஷ் எனக்கு விளங்காது,
என் தமிழ் அவளுக்கு.
ஜெர்மனில் எங்கள் இருவருக்கும் பொதுவாய்
முந்நூறு சொல் தேறும்.
வேற்றுமை உருபு ஒன்றுகூடக் கிடையாது.
அவள் ஊரில் பழைய சுவர்களை
அப்படித்தான் அடுக்கியிருக்கிறார்களாம்,
சாந்தே இல்லாமல்.
நிலநடுக்கம் வந்தும் நிற்கின்றனவாம்.

ஊரின் பெயரைச் சொன்னாள்: ஒயாந்தாய்தம்போ.
எனக்கு 'ஓயாத தம்பி' என்று கேட்டது.
பிறகு அவளும் அப்படியே சொல்லத் தொடங்கினாள்.

ஓயாத தம்பியில்
இன்காக்கள் மலையில் வெட்டிய படிகளுக்குக் கீழே
அவள் வீடு.
வாசலை ஒட்டி இன்காக்களின் வாய்க்கால்,
இன்றைக்கும் அதில்தான் பாத்திரம் கழுவுவார்கள்.
பேருந்து பேருந்தாய் வந்து இறங்குகிறவர்கள்
தண்ணீரைத் தாண்டிப் போய்க்
கல்லைப் படம் எடுப்பார்கள்.

ஏழு வயதில் அவளுக்குச் சிவப்புப் பாவாடை,
கையில் ஒரு லாமாக் குட்டி.
ஒரு படத்துக்கு ஒரு சோல்.
சிரித்தால் இரண்டு.
'இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்' என்பதை
ஏழு மொழியில் அறிவாள்.
யார் யாரோ வீட்டு ஆல்பங்களில் நிற்கிறாள்.
ஒரு படம்கூட அவளிடம் இல்லை.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு
இருவருக்கும் ஒன்றாய் லீவு விழுந்தது.
பஸ் ஏறி அவுசர்பெர்க் போனோம்.
ஒரு தேவாலயம், பூட்டிய ஒரு கடை,
வெயிலில் கறுத்த மர வீடுகள்.
மேலே, பாறையின் இடுப்பில்
அறுநூறு வருடத்து வாய்க்கால்.
எங்களைத் தவிர அதை ஒருவரும் பார்க்க வரவில்லை.
நில்டா குனிந்து கை நனைத்தாள்.
'அதே குளிர்' என்றாள்.

கொஞ்சத் தூரத்தில் நீர் சுற்றும் சிறு சக்கரம்.
அது ஒரு மரச் சுத்தியலைத் தூக்கித் தூக்கிப் போட்டது.
டொக்.
டொக்.
அறிவிப்புப் பலகையை எழுத்துக்கூட்டி வாசித்தேன்:
சத்தம் கேட்கும்வரை காவல்காரன் தூங்கலாம்.
நின்றுபோனால் வாய்க்கால் உடைந்திருக்கிறது,
எழும்ப வேண்டும்.

எனக்குத் தெரிந்த இரவுகளில்
சத்தம் கேட்டால்தான் எழும்பினோம்.
எழும்பி ஓடினோம்.
இதை ஜெர்மனில் சொல்ல உருபுகள் வேண்டும்.
பிஸ்கட் பையைப் பிரித்தேன்.

திரும்பும் வழியில், வேலியோரம்,
கறுப்பு முகத்துச் செம்மறி ஒன்றைப் பிடித்தபடி
சிவந்த காதுள்ள ஒரு மனிதர்.
அதன் குளம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.
நில்டா நேரே அவரிடம் போனாள்.
பர்ஸைத் திறந்து
ஒரு ஃபிராங்கை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.
'படம். தயவுசெய்து.'

நான் பைன் மரத்தைப் பார்த்தேன்.
வேலியைப் பார்த்தேன்.
எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அவர் காசைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார்,
அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
கத்தியை மடக்கிப் பைக்குள் போட்டார்.
தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார்.
காசை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுப்
பொத்தானையும் பூட்டினார்.

'இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்'
என்றாள் நில்டா.
நகர்ந்தார்.
ஆடும் நகர்ந்தது.

பஸ்ஸில் அந்தப் படத்தை
இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.
காது, தொப்பி தழும்பு விட்ட நெற்றி,
எங்கோ பார்க்கும் ஆடு.
கீழே ரோன் ஆறு தெரியத் தொடங்கியபோது
போனை என் மடியில் வைத்தாள்.

'சிரிக்கவே இல்லை, பார்.
இரண்டு கொடுத்திருக்க வேணும்.'